தட்டில் மிச்சமானதை யார் எழுதுகிறார்கள்?

கேள்வி: என் தாயாருக்கு வயது 74. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. புரட்டாசி பிறந்த சில நாட்களில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. டர்பன் பகுதியிலுள்ள ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவைச் சிகிச்சை என்று சொல்லி நள்ளிரவிலிருந்து எதுவும் கொடுக்காமல் வைத்திருந்து, பிற்பகலில் "இன்று இல்லை" என்று மூன்று முறை தள்ளிவைத்தார்கள். நான்காம் முறைதான் நடந்தது. விரத மாதம் என்பதால் கோழி வந்த தட்டை அம்மா தொடவே இல்லை. ரொட்டியும் தேநீருமே ஆகாரம். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவருக்கு வளையல் கையில் நிற்கவில்லை. விழுவதற்கு முந்தைய மாதம் கிளினிக் அட்டையில் 58 கிலோ; இப்போது மருந்துக்கடைத் தராசில் 52. வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில் எலும்பு, தையல், மாத்திரை எல்லாம் இருக்கின்றன. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உறவினர்களோ, "சர்க்கரை உடம்பு, கஞ்சியும் ரசமும் போதும்" என்கிறார்கள். இனி எப்படிக் கவனிப்பது? இன்னொன்று: எங்கள் கோயில் மாதர் குழுவினர் சனிக்கிழமைதோறும் வார்டு நோயாளிகளுக்குச் சமைத்துக் கொண்டுபோக விரும்புகிறார்கள். என்ன சமைத்தால் நல்லது?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்தியவை 58, 52 என்ற இரண்டு எண்கள். உங்கள் தாயார் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் தம் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் இழந்திருக்கிறார். ‘மஸ்ட்’ என்று அழைக்கப்படும் சத்துக்குறைவுச் சோதனை முறையில், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தால் அதற்கு மட்டுமே 2 புள்ளி. 2 புள்ளி பெற்றவர் அதிக ஆபத்துப் பிரிவில் சேர்க்கப்பட்டு, உணவியல் நிபுணரான டயட்டிஷனிடம் அனுப்பப்பட வேண்டும். இந்தக் கணக்குக்கு ரத்தப் பரிசோதனையோ கருவியோ தேவையில்லை. கிளினிக் அட்டையை எடுத்துப் பார்த்து, மருந்துக்கடைத் தராசில் ஏற்றி, மருத்துவமனை செய்திருக்க வேண்டியதை நீங்களே செய்திருக்கிறீர்கள்.

இது உங்கள் தாயாருக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அன்று, நம் தென்னாப்பிரிக்க நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை சத்துக்குறைவோடு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. அளக்கும் முறைக்கும் வார்டுக்கும் ஏற்ப எண் மாறுகிறது. 1974-ஆம் ஆண்டிலேயே சார்ல்ஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர், மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள் எப்படி மெலிகிறார்கள் என்று எழுதியபோது, உயரத்தையும் எடையையும் குறித்துவைக்காமையையும், பரிசோதனைகளுக்காகச் சாப்பாட்டை நிறுத்திவைப்பதையும், நோயாளி எவ்வளவு உண்கிறார் என்று யாரும் கவனிக்காமையையும் காரணங்களாக அடுக்கினார். அரை நூற்றாண்டு கடந்த பிறகும் உங்கள் கடிதம் அதே மூன்றையும் சொல்கிறது.

நான் பார்த்தவரை, சமையலறை கெட்டுப்போனதால் நோயாளி மெலிவது குறைவு. சமையலறையிலிருந்து எத்தனை தட்டுகள் போயின, அவற்றில் சர்க்கரை நோயாளிக்கு எத்தனை, மரக்கறி எத்தனை என்பதெல்லாம் நாள்தோறும் தாளில் ஏறுகிறது. அந்தத் தட்டு திரும்பும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். வண்டியைத் தள்ளி வருபவர் தட்டுகளை அடுக்குகிறார். மிச்சம் வாளியில் கொட்டப்படுகிறது. கொட்டுபவருக்கு அது எந்தக் கட்டிலின் தட்டு என்று தெரியாது. கட்டிலின் கோப்பில் எழுதும் நர்ஸ் அந்த வாளியைப் பார்ப்பதில்லை. இப்படி, கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது, உண்டதற்குக் கணக்கு இல்லை. உங்கள் தாயாரின் கோப்பில் "டயபெட்டிக் டயட்" என்று ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் ரொட்டி மட்டுமே சாப்பிட்டார் என்பது எங்கும் இருக்காது.

விரத விஷயமும் இதில் அடங்கியதுதான். புரட்டாசியில் மட்டும் மரக்கறி உண்பவர் கோப்பில் ‘மரக்கறி உண்பவர்’ என்று பதிவாகியிருக்க மாட்டார்; பன்னிரண்டு மாதத்தில் ஒன்று மட்டும் மாறும் பழக்கத்தைச் சேர்க்கைப் படிவம் கேட்பதும் இல்லை. நீங்கள் ஒரு நர்ஸிடம் வாயால் சொல்லியிருப்பீர்கள். மாலையில் ஷிப்ட் மாறியதும் அந்தச் சொல்லும் அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும். டர்பன் போன்ற ஊரில் மருத்துவமனைச் சமையலறைக்கு மரக்கறித் தட்டு புதிதன்று. வார்டிலிருந்து போகும் பட்டியலில் பெயர் ஏற வேண்டும், அவ்வளவே. ஆகவே இத்தகைய செய்தியை வார்டு சிஸ்டரிடம் சொல்லி, கோப்பில் எழுதச் செய்து, எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவதே வழி.

பட்டினியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தாயார் இழந்ததில் கணிசமான பகுதி அந்த நாட்களில்தான் போயிருக்கும். மயக்க மருந்துக்கு முன் கெட்டியான உணவை ஆறு மணி நேரமும், தண்ணீர், பாலில்லாத தேநீர் போன்ற தெளிந்த பானங்களை இரண்டு மணி நேரமும் நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் போதும் என்பதே இன்று பல நாட்டு மயக்கவியல் சங்கங்களின் வழிகாட்டுதல். ‘நள்ளிரவிலிருந்து ஒன்றும் இல்லை’ என்ற பழைய வழக்கம் வார்டில் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், யாருடைய முறை எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாமையே. இதைவிடக் கொடுமையானது அடுத்த கட்டம். பிற்பகல் மூன்று மணிக்கு ‘இன்று இல்லை’ என்று தெரியவருகிறது. மதியத் தட்டு எப்போதோ திரும்பிப் போய்விட்டது. மாலைத் தட்டு நாலரை, ஐந்து மணிக்கு வரும். அதுவும் கோழியாக இருந்தால், அதோடு அந்த நாள் முடிந்தது. நள்ளிரவில் அடுத்த பட்டினி தொடங்கிவிடும். ஆகவே அறுவை தள்ளிப்போனதும் உறவினர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "நாளை எத்தனை மணிக்கு?" என்பதன்று, "இப்போது சாப்பிடலாமா, என்ன கொடுக்கலாம்?" என்பதே. சர்க்கரை நோயாளிக்கு இது இரட்டிப்பு முக்கியம். சாப்பாடு நின்றிருக்கையில் இன்சுலினோ கிளிமெபிரைட் போன்ற மாத்திரையோ வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இனி உங்கள் கோயில் மாதர் குழுவின் கேள்வி. நல்ல மனத்தோடு கேட்டிருக்கிறீர்கள். என் பதில் சற்று ஏமாற்றம் தரலாம். சமைக்காதீர்கள். ஆட்களை அனுப்புங்கள்.

ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் தாயாரைப் போன்ற நோயாளிகளிடமே இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மருத்துவமனை ஒன்றில், இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்த 318 வயதான பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான வார்டுக் கவனிப்பு. மற்றொரு பிரிவினருக்கு அதனோடு கூடுதலாக, சாப்பாட்டு விஷயத்தை மட்டுமே கவனிக்கும் உதவியாளர் ஒருவர். விருப்பத்தைக் கேட்பது, எட்டும் தூரத்தில் தட்டை வைப்பது, வெட்டிக் கொடுப்பது, ஊட்டுவது, சத்துப்பானத்தைக் குடிக்கச் செய்வது ஆகியவை அவர் வேலை. 2006-இல் வெளியான முடிவின்படி, வார்டிலேயே இறந்தவர்கள் வழக்கமான கவனிப்புப் பிரிவில் 10.1 விழுக்காடு, உதவியாளர் இருந்த பிரிவில் 4.1 விழுக்காடு, நான்கு மாத முடிவில் முறையே 22.9, 13.1. அங்கே புதிதாகச் சேர்ந்தது சமையல் அன்று, பக்கத்தில் அமர்ந்த ஒரு ஆள். உணவு மருத்துவத்தில் சேர்த்தியா என்று கேட்பவர்களுக்குச் சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வையும் சொல்லலாம்: ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலக்கு வகுத்து உணவு கொடுக்கப்பட்ட பிரிவில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 7.2 விழுக்காடு, வழக்கமான மருத்துவமனை உணவு உண்ட பிரிவில் 9.9.

அண்டாவில் சமைத்துக் கொண்டுபோவதில் வேறு சிக்கல்களும் உண்டு. அதே வார்டில் சிறுநீரகம் பழுதானவர், உப்புக் கூடாதவர், விழுங்க முடியாதவர், நாளைக் காலை அறுவைக்குக் காத்திருப்பவர் எல்லாரும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள். ஒரே பருப்புச் சோறு அத்தனை பேருக்கும் ஒத்துவராது. பல நாட்களாக ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாதவருக்குத் திடீரென வயிறு நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்றவை சரிந்து இதயமே தடுமாறும் அபாயமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினி கிடந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர் உணவு கிடைத்த பிறகு இறந்ததைக் கண்டுதான் மருத்துவ உலகம் இதைக் கற்றது. அத்தகையவர்களுக்குத் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, அளவாகத் தொடங்கி, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும்; அது மருத்துவரும் டயட்டிஷனும் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே குழுவினர் முதலில் மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்கும் நர்ஸிங் மேலாளருக்கும் எழுத்து மூலம் விண்ணப்பித்து, சாப்பாட்டு வேளையில் வார்டுக்குள் இருக்க அனுமதி கேளுங்கள். பார்வையாளர் நேரமும் தட்டு வரும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பலர் ஊட்டாமல் விடப்படுவதற்கு அதுவே பாதிக் காரணம். அனுமதி கிடைத்தால், மருத்துவமனை டயட்டிஷனும், விழுங்கும் திறனையும் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒரு முற்பகல் பயிற்சி தர வேண்டும் என்பதையும் அதே விண்ணப்பத்தில் சேருங்கள். யாருக்கு ஊட்டக்கூடாது என்பதே அந்தப் பயிற்சியின் முதல் பாடம்: தலைமாட்டில் ‘வாய்வழி எதுவும் இல்லை’ என்ற பலகை தொங்குபவர், அரைத் தூக்கத்தில் இருப்பவர், விழுங்கும்போது இருமுபவர், பக்கவாதம் வந்து இன்னும் விழுங்கும் சோதனை நடக்காதவர். இவர்களுக்கு அன்போடு கொடுக்கும் ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகத் திரும்பும்.

மற்றவர்களுக்குத் தேவைப்படுவது எவ்வளவு சிறியது என்று நேரில் பார்த்தால் வியப்பீர்கள். தட்டு கால்மாட்டு மேசையில் இருக்கும்; இடுப்பு கட்டப்பட்டவரின் கை அங்கே எட்டாது. பல் செட் பெட்டிக்குள் இருக்கும். தயிர்க் கிண்ணத்தின் அலுமினியத் தாளை மூட்டுவாதக் கை உரிக்க முடியாமல் தோற்றுப்போய் விட்டுவிடும். கண்ணாடி இல்லாததால் எது கஸ்டர்ட், எது உருளை மசியல் என்று தெரியாது. நிமிர்த்தி உட்காரவைத்து, பல்லையும் கண்ணாடியையும் மாட்டி, மூடியைத் திறந்து, அமர்ந்தபடி சிறு கரண்டியில் ஒவ்வொரு வாயாக, விழுங்கிய பிறகு அடுத்தது என்று கொடுத்தால் இருபது நிமிடம் ஆகும். ஒரு வார்டு முழுவதற்கும் இரண்டு நர்ஸ்கள் இருக்கும் மாலையில் அந்த இருபது நிமிடம் அவர்களிடம் இல்லை. ஜெல்லியை மட்டும் சாப்பிட்டுவிட்டு "ஆச்சு" என்பவரை நம்பாதீர்கள். பெரும்பாலான ஜெல்லி சர்க்கரையும் தண்ணீருமே. முட்டையையும் பருப்பையும் பாலையும் முதலில் கொடுங்கள், சோறும் ரொட்டியும் பிறகு.

கடைசியில், எழுதுங்கள். கட்டில் எண், வேளை. முழுதும், முக்கால், பாதி, கால், ஒன்றுமில்லை. ஐந்தில் ஒன்றில் குறியிட்டு வார்டு சிஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் ‘கால்’ என்று பதிவான ஒருவரை எந்த மருத்துவரும் எளிதில் கடந்துபோக முடியாது. சனிக்கிழமை நல்ல தேர்வுதான், வார இறுதியில் ஆள் குறைவு. ஆனால் முடிந்தால் வார நாட்களில் ஒரு மாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலுக்கென்று ஒதுக்கிய பணத்தில், எழுந்து நிற்க முடியாதவரை உட்காரவைத்து நிறுக்கும் நாற்காலித் தராசு ஒன்றை வார்டுக்கு வாங்கிக் கொடுக்க முடியுமா என்றும் நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். எடை குறிக்கப்படாததற்கு ‘நிற்க முடியவில்லை’ என்பதே பல கோப்புகளில் காரணமாக இருக்கிறது. தராசு வரும்வரை மேற்கையின் நடுச் சுற்றளவு உதவும், அது 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உடல் எடை குறைவாக இருக்கக்கூடும் என்று கொள்ளலாம். தையல்காரர் நாடா போதும்.

இனி உங்கள் தாயார். ‘சர்க்கரை உடம்பு, கஞ்சியும் ரசமும் போதும்’ என்பவர்களிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். ரசம் நாவுக்கு ருசியைத் திருப்பிக் கொடுக்கும். அதில் உடம்பு கட்டும் பொருள் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. நீர்த்த கஞ்சியில் இருப்பதும் தண்ணீரும் மாவும்தான். ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் புளித்த கூழில் தயிர் கலப்பவர்கள் நோயாளிக் கஞ்சிக்கு வந்ததும் அதை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் புதிர்தான். சர்க்கரை நோயாளி என்பதற்காகப் பத்தில் ஒரு பங்கு எடை இழந்தவரை மேலும் மெலியவிடுவது சரியன்று. இப்போதைய முதல் நோய் தசை இழப்பு. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோயே இல்லாத முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் கிடந்தபோது, அவர்களுக்கு வழக்கமான அளவு புரதம் கொடுக்கப்பட்டும், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற தசை கரைந்தது. உங்கள் தாயார் அதன் இரு மடங்கு காலம், அறுவையோடும் பட்டினியோடும் கிடந்திருக்கிறார்.

சிறுநீரகம் பழுது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் கீழே வரும் அளவுகளை அவரிடம் கேட்ட பிறகே பின்பற்றுங்கள். இல்லையென்றால், கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 62 முதல் 78 கிராம் வரை அவருக்கு வேண்டும். சக்தி ஏறத்தாழ 1,550 கலோரி. புரட்டாசி முடிந்துவிட்டதால் இது கடினமன்று. இரண்டு முட்டை 12 கிராம். ஒரு கப் மாஸ் (புளித்த கெட்டிப்பால்) 8. கெட்டியாக மசித்த பருப்பு ஒரு கப் சுமார் 16. தக்காளிச் சாற்று டின் மீன் 100 கிராம் ஏறத்தாழ 18. இரண்டு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய் 7. கஞ்சியிலோ ஓட்ஸிலோ நான்கு மேசைக்கரண்டி முழுப்பால் மாவைக் கலந்தால் 7. கூட்டினால் 68. சுகர் பீன்ஸ் என்ற பயற்றுக் கறியோ சோயா மின்ஸோ பிடிக்குமென்றால் மீனுக்குப் பதில் வைக்கலாம். ஒரே வேளையில் திணிக்க வேண்டாம். பசி கெட்டவருக்கு ஆறு சிறு வேளைகளே ஏறும். இரவு படுக்கும் முன் ஒரு கோப்பைப் பால் கட்டாயம், ஏனென்றால் மாலைச் சாப்பாட்டுக்கும் மறுநாள் காலைக்கும் இடையே உள்ள நீண்ட இடைவெளியில்தான் உடம்பு தன் தசையையே எரிக்கிறது. பருப்பில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாகத் தாளித்தால் 120 கலோரி சத்தமில்லாமல் சேரும். பார்க்க வருபவர்கள் திராட்சையும் இனிப்புப் பானமும் கொண்டுவந்தால் நன்றி சொல்லி வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். முட்டை கொண்டுவரச் சொன்னால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பாடு மாறும்போது மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். காலையிலும் மாலைச் சாப்பாட்டுக்கு முன்பும் சர்க்கரையைப் பார்த்து எழுதி, கிளினிக்கில் காட்டுங்கள். உண்ட புரதம் தசையாக வேண்டுமென்றால் அந்தத் தசைக்கு வேலையும் வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன எழுந்து உட்காரும் பயிற்சியைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னோ பின்னோ நாள்தோறும் செய்விக்கவும். வாரம் ஒரு முறை, அதே தராசில், அதே உடையில் நிறுங்கள். இரண்டு வாரத்தில் எடை ஏறாமல் நின்றாலோ மேலும் இறங்கினாலோ, சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, காலில் வீக்கமோ மூச்சிரைப்போ தோன்றினாலோ, தையல் போட்ட இடம் ஆறாமல் கசிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த முறை எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, 58, 52 என்ற இரண்டு எடைகளையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அதற்குக் கீழே கடைசி மூன்று நாள் அம்மா என்ன சாப்பிட்டார், எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதை வேளைவாரியாகக் குறித்து எடுத்துச்செல்லுங்கள். டயட்டிஷனுக்கு அனுப்பச் சொல்லி அதைக் கோப்பில் எழுதித் தருமாறு கேளுங்கள். எடை குறைந்த நோயாளிகளுக்குத் தகுதி பார்த்துச் சத்துமாவும் சத்துப்பானமும் வழங்கும் திட்டம் அரசு கிளினிக்குகளில் உண்டு; அதற்கும் டயட்டிஷனின் கடிதமே வாசல். 1999-இல் நம் நாட்டில் வெளியான நோயாளர் உரிமைச் சாசனம், தம் சிகிச்சையைப் பற்றிய முடிவுகளில் பங்கேற்கவும் குறையிருந்தால் முறையிடவும் உங்களுக்கு இடம் தந்திருக்கிறது. ‘எடை குறிக்கப்படவில்லை, உண்டது குறிக்கப்படவில்லை’ என்று இரண்டே வரியில் மருத்துவமனை வாரியத்துக்கும் எழுதிப் போடுங்கள். கோயில் குழுவின் விண்ணப்பத்தோடு அதையும் இணைத்தால் இரண்டும் ஒரே மேசைக்குப் போகும்.